சம்பந்திக்கு உடம்பு சரியில்லை

மருத்துவமனையில் என் வேலை கிருமிகளைக் கொல்வது. டாக்டர் இல்லை. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவிப் பெட்டியில் வைத்துச் சுத்தம் செய்யும் அறைக்கு நான் பொறுப்பு. கத்தி பிடிப்பவருக்குப் பேரும் புகழும். கத்தியை வேகவைப்பவனுக்குக் கழுத்துவலி. ஆனாலும் பதினேழு வருடமாக என் கையைத் தாண்டி ஒரு கிருமிகூட உயிரோடு போனதில்லை என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, மூன்று வாரப் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்புமுன் தன் மீன்தொட்டியை எங்கள் வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தாள். ஆறு தங்கமீன்கள். பெரியதற்கு எட்டு வயது, பெயர் சம்பந்தி. எப்போதும் கன்னத்தை உப்பிக்கொண்டு, தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற முகத்தோடு மூலையில் நிற்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

"மாமா, மத்ததுக்கு ஏதாவது ஆனாக்கூட மனசைத் தேத்திக்குவேன். சம்பந்தி மட்டும் நான் வரும்போது இருக்கணும். என் கல்யாணம் நின்னுபோன வருஷம், ஒரு அறிவுரையும் சொல்லாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தது இது ஒண்ணுதான்."

அந்த வருடம் நான் நிறைய அறிவுரை சொல்லியிருந்தேன். பேச்சை மாற்றினேன்.

"என்கிட்ட விட்டுட்ட இல்ல? ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெச்சுக்கறேன்."

"அதான் பயமா இருக்கு," என்றாள்.

முதல் ஞாயிறு ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, ஏதோ உயிருள்ள பொருள் போல இருந்தது. தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிட்டால் போதும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். பாவம், சின்னப் பெண், சுகாதாரம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கிக் கழுவி, பிரஷர் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டேன்.

"ஏங்க, குக்கர்ல என்ன?" என்றாள் மனைவி.

"ஸ்பாஞ்சு."

"சாப்பிடவா, துடைக்கவா?"

"கிருமி நீக்கம்."

"முதல்ல அந்தக் குக்கருக்குக் கிருமி நீக்கம் பண்ணிட்டு அப்புறம் என்கிட்ட பேசுங்க."

ஐந்து நாள் கழித்து மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுளோரம் சிவந்திருந்தது. துடுப்புகளில் ரத்தக்கோடுகள். தொற்று என்று அடித்துச் சொன்னேன். பதினேழு வருட அனுபவம் சும்மாவா? ஸ்பாஞ்சை மறுபடி குக்கரில் ஏற்றினேன். இந்த முறை தொட்டிக்கு அடியில் இருந்த கூழாங்கற்களையும் சேர்த்து. அது போதாதென்று கடையில் நீல மருந்து ஒரு புட்டி வாங்கி ஊற்றினேன். தொட்டி மைக்கூடு போல ஆனது. மீன்கள் இன்னும் மோசமாயின. நான் இன்னும் சுத்தம் செய்தேன்.

பத்தாம் நாள் சம்பந்தி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வயிறு வீங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு, அன்னாசிப் பழத்தின் தோல் போல இருந்தது. தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளும் தெம்புகூட அந்த முகத்தில் இல்லை.

மீன்கடைக்காரருக்குப் போன் போட்டேன். மீனைக் கொண்டுவர வேண்டாம், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் செல்போனில் படமும் போதும் என்றார். ஓடினேன். அவர் ஒரு சிறு குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையானது.

"அமோனியா," என்றார். "மீனோட கழிவு. ஃபில்டர் எப்படிக் கழுவுறீங்க சார்?"

பெருமையோடு சொன்னேன். குக்கரைச் சொன்னேன். விசிலைச் சொன்னேன். கூழாங்கல் வந்தபோது அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அந்தக் கொழகொழப்புதான் சார் ஃபில்டரு. அதுல இருக்கற பாக்டீரியாதான் அமோனியாவைத் தின்னு தீர்க்குது. நீங்க அதை வேகவெச்சுட்டீங்க."

"ரெண்டு தடவை," என்றேன். உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நீல மருந்து வேற?"

"ம்."

"மிச்சம் மீதி இருந்ததும் அதுல போயிருக்கும். மீனுக்கு வந்தது வியாதி இல்ல சார். நீங்க."

வாழ்க்கையில் எனக்குச் சொல்லப்பட்ட மிகத் துல்லியமான டயக்னோஸிஸ் அதுதான்.

அவர் சொன்னது எளிமையாக இருந்தது. மருந்தை நிறுத்து. தினமும் பாதித் தண்ணீரை மாற்று, புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே சூட்டில் இருக்கட்டும். மூன்று நாள் தீனி கிடையாது. காற்றுக்குழாயைக் கூட்டி வை. கடைசியாகத் தன் கடைத்தொட்டி ஒன்றிலிருந்து சேறு வழியும் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, அந்தத் தண்ணீரோடே பையில் கட்டிக் கொடுத்தார். அதைக் கழுவவே கூடாதாம். அதைக் குழந்தையை ஏந்துவது போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

சம்பந்திக்கு மட்டும் அவர் நம்பிக்கை தரவில்லை. செதில் அப்படித் தூக்கினால் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தமாம். தனித்தொட்டியில் வீக்கம் வடிய எப்சம் உப்புப் போட்டுப் பாருங்கள், நூற்றில் ஒன்று தேறும் என்றார். தேறாவிட்டால் துன்பப்பட விடாதீர்கள் என்று சொல்லி, மீனை வலியில்லாமல் தூங்கவைத்து அனுப்பக் கிராம்பு எண்ணெயை எப்படிக் கலக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மீன்கள் நான்கே நாளில் அடிக்கு இறங்கி நீந்த ஆரம்பித்தன. சம்பந்தி பிளாஸ்டிக் டப்பில் ஒருக்களித்துக் கிடந்தது. நிமிரப் பார்க்கும், முடியாமல் சாய்ந்துவிடும். மச்சினி வர இன்னும் ஆறு நாள் இருந்தது.

"வயசாயிடுச்சு, போயிடுச்சுன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "எட்டு வயசு. யாரு கேக்கப்போறா?"

நல்ல யோசனைதான். அரை மணி நேரம் அதை மனதில் வைத்துக்கொண்டு டப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால், சொல்லாமல் எப்படியாவது ஆறு நாள் ஓட்டிவிட்டால், அவள் பார்க்கும்போது உயிரோடு இருந்தது என்றாகும். நான் வாக்குக் காப்பாற்றியவன் ஆவேன். சம்பந்தி ஒரு முறை நிமிரப் பார்த்து மறுபடி சாய்ந்தது. ஆறு நாளும் எனக்காகத்தான், அதற்காக இல்லை என்று அப்போது புரிந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் எழுதி வைத்ததைப் படித்தும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"குக்கர்லயா மாமா?" என்றாள் கடைசியில். சிரிப்பா அழுகையா என்று பிடிபடவில்லை. பிறகு, "செதில் இன்னும் தூக்கியிருக்கா?"

"கூடியிருக்கு."

"சாப்பிட்டுதா?"

"இல்ல. நீ வர்ற வரைக்கும் எப்படியாவது..."

"எனக்காக வெச்சிருக்க வேண்டாம். இப்பவே பண்ணிடுங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க பண்ணுங்க மாமா. அக்கா வேண்டாம். போனை வைக்காதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். எண்ணெயை வெந்நீரில் குலுக்கி, ஆறவிட்டு, முதலில் கொஞ்சம் ஊற்றினேன். சம்பந்தி மெல்ல அசைவு நின்று தூங்கியது. பிறகு மீதியை ஊற்றினேன். செவுள் இன்னும் இரண்டு மூன்று முறை திறந்து மூடி, நின்றது. அதற்கப்புறமும் பத்து நிமிடம் வைத்திருக்கச் சொல்லித் தாளில் எழுதியிருந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு. பத்து நிமிஷம் இருக்கணும்."

"சரி," என்றாள். "மத்த அஞ்சும் என்ன பண்ணுது? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

எழுந்து பெரிய தொட்டிக்கு முன்னால் போய் நின்று, சிவப்புப் புள்ளிக்காரனிலிருந்து ஆரம்பித்தேன்.