ஐந்தாவது பிரதியில் இல்லாத வரி

...விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, நாலு கார்பன் தாளுக்கு அடியில் கிடந்த ஐந்தாவது பிரதி, அதில் எழுத்து எங்கே இருக்கும், ஒரு முழு வரி நீலப் புகையாகப் போயிருந்தது, புள்ளி வைத்துவிட்டு மேலே அடித்திருக்கலாம், யார் என்னை நிரப்பச் சொன்னார்கள்? லெனின்கிராடில் தடைசெய்த கவிதைகளைத் திருட்டுத்தனமாகத் தட்டச்சு செய்கிற எல்லாருமே ஒரு சொல், அரைச் சொல் ஊகித்துப் போடுகிறவர்கள்தான், அதற்காக முழு வரியா... பக்கத்து அறைக்காரிக்குக் கேட்காமலிருக்க இயந்திரத்துக்கு அடியில் கம்பளியை மடித்து வைத்திருந்தேன், விரல் தானாகவே ஓடியது, தாய்நாடே, நீ கதவைத் தட்டினால் நாங்கள் காலணி தேடுகிறோம். அவ்வளவுதான். அதைப் படித்தவர்கள் மறுபடி பிரதி அடித்தார்கள், அவர்களிடமிருந்து வேறு யாரோ, கடைசியில் விசாரணை அதிகாரியின் மேசைக்கே போய்விட்டது.

வரிசை ஓரடி நகர்கிறது. சிறையின் பொட்டலம் வாங்கும் சன்னலுக்கு இன்னும் ஆறு பேர். எனக்கு முன்னால் தமாரா, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி, அந்தக் கவிதையை எழுதிவிட்டு உள்ளே இருக்கிற கவிஞர் கிளெப்பின் மனைவி, பையில் வெங்காயம், சர்க்கரை, புகைபோட்ட தொத்திறைச்சி, ஐந்து கிலோவுக்கு ஒரு கிராம் கூடக் கூடாதென்று மூன்று முறை நிறுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். துணைக்கு நான். நான் ராத்திரியில் கவிதை தட்டச்சு செய்வது இவளுக்குத் தெரியாது. வெட்கம்கெட்டவள் நான், இவள் கையைப் பிடித்துக்கொண்டு வேறு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கிழவர், யாரும்மா கடைசி என்கிறார், நான் கையைத் தூக்குகிறேன்.

டிராமில் வரும்போதே வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னாள், மற்ற கவிதைகளுக்கு மூன்று வருஷம்தானாம், இந்த ஒரு வரிதான் ஏழுக்குத் தள்ளிவிட்டதாம், அது இவருடையது இல்லை என்று யாராவது வந்து நிரூபித்தால் வழக்கே மாறுமாம். யாராவது. அதாவது நான். அந்த வரி அழிந்துபோன ஐந்தாவது பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மாவு டப்பாவுக்குள், எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் அவருக்கு நாலு வருஷம் மிச்சம், எனக்கு... எனக்கு எத்தனை? அப்பாவைக் கைது செய்து கொண்டுபோனபோது எனக்கு ஆறு வயது, அவர் குனிந்து குனிந்து பூட்ஸைத் தேடினார், விளையாடும்போது கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தவள் நான்தான், சொல்லவில்லை, பூட்ஸ் கிடைக்காவிட்டால் போகமாட்டார் என்று நினைத்தேன். செருப்போடு போனார். பிப்ரவரி மாதப் பனியில்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். தமாரா காலிப் பையை மடித்தபடி வருகிறாள், பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லலையே, ரிம்மா. விசாரணைல அந்த வரியைக் காட்டி, இது உன்னுதான்னு கேட்டாங்களாம். ஆமா, நான் எழுதினதுலயே நல்ல வரி அதுதான்னு சொல்லிட்டாராம் அந்த மனுஷன்."

யாரோ ஊர்பேர் தெரியாத தட்டச்சுக்காரியைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பார், அப்படித்தான் இருக்கும்... இல்லை, படித்துப் பார்த்து, பிடித்துப்போய், தானே எழுதியதாக நம்பிவிட்டாரா? என் காது சுடுகிறது. தமாரா என் முகத்தையே பார்க்கிறாள், என்னாச்சு உனக்கு என்கிறாள். அது என்னுடையது என்று சொல்ல வாய் திறந்துவிட்டது, சொன்னால் அவருக்கு நாலு வருஷம் மிச்சம்தான், ஆனால் வாயைத் திறந்த அந்த நொடியில் அந்த நாலு வருஷம் என் நினைப்பிலேயே இல்லை, நல்ல வரி என்று அவர் சொன்னதுதான் இருந்தது.