தாய்மாமன் எலும்பு

கீழே வரும் கதையில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கில் அந்தோணியார் சூடு போடட்டும். அத்தனையும் சத்தியம்.

1931. மலாயாவில், கோலாலம்பூர்–கிள்ளான் லைனில் ரயில் ஓட்டிய இருதயத்துக்குக் கடைவாயில் ஒரே ஒரு பல்தான் உருப்படி. அதிலும் கச்சான் கடலை நுழையும் அளவுக்குக் குழி. ஆனால் பங்குனி மாதம் அக்கா மகள் பெர்னடெட்டுக்குக் கல்யாணம். விருந்தில் முதல் ஆட்டு நல்லியெலும்பைத் தாய்மாமன் கடித்து உடைத்து, மாப்பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அந்தக் குடும்பத்து வழக்கம் அது. முடியாவிட்டால் மாமன் நாற்காலி தம்பி லியனார்டுக்குப் போய்விடும்.

"போறது பொண்ணப் பாக்கவா, ஆட்டப் பாக்கவா?" என்றாள் மனைவி கெர்ட்ரூட்.

பிரிக்பீல்ட்ஸில் பல் அடைக்கும் வேலாயுதம் சிமெண்டும் வெள்ளிக் கலவையும் காட்டினார். "எத வெச்சாலும் ஆயுசுக்கும் நிக்கும்ணே."

"யாரு ஆயுசுக்கு? பாய்லரையே சோதிக்காம ஏத்த மாட்டோம் நாங்க. பல்ல சும்மா விடுவனா?"

வேலாயுதம் பிடுங்கிப் போட்டிருந்த பற்களில் நாலைப் பொறுக்கினார்கள். இரண்டில் சிமெண்டு, இரண்டில் வெள்ளி. வகைக்கு ஒன்று அலமாரியில் சும்மா இருந்தது. மற்ற இரண்டும் டின்னில் ஏறி என்ஜினோடு போயின. கோலாலம்பூரில் கொதிநீர், கிள்ளானில் ஐஸ் தண்ணீர். ஒரு நடைக்கு ஒரு வருஷம் என்று கணக்கு. எட்டாம் நடையிலிருந்து கிள்ளான் நெருங்கும்போதே, ஐஸைக் காணாமலேயே, பற்கள் டின்னுக்குள் கிடுகிடுவென நடுங்கின. அந்தச் சத்தத்தை வைத்தே ரயில் கார்டு வாலண்டைன் கொடியை எடுத்துத் தயாராவார்.

நாற்பது நடை முடிந்ததும் நாலு பல்லையும் பட்டறை இடுக்கியில் வைத்து முறுக்கினார்கள். புதுச் சிமெண்டு ஆறு சுற்றுத் தாங்கியது. நாற்பது வயதுச் சிமெண்டு அரைச் சுற்றிலேயே திருநீறானது. புது வெள்ளி பத்துச் சுற்று. கிழட்டு வெள்ளி ஒன்பதரை. அதற்குமேல் முறுக்கியதில் இடுக்கியின் தாடைதான் விரிசல் விட்டது.

"அரைச் சுத்து கொறையுதே," என்றார் வேலாயுதம், முகம் வாடி.

"நாப்பது வருஷத்துக்கு அரைச் சுத்துதானே! எனக்கு அதவிட அதிகமாக் கொறஞ்சு போச்சு. வெள்ளியவே வைங்க."

கல்யாணத்தன்று லியனார்டு எதிரிலேயே உட்கார்ந்து, "கஷ்டமா இருந்தா குடுங்கண்ணே லா," என்றான். இருதயம் எலும்பைக் கடைவாயில் வைத்தார். படார்! பாசார் சந்தையில் கோழிகளெல்லாம் மழை இடியென்று பட்டப்பகலில் கூண்டுக்குள் ஓடின. மாப்பிள்ளை வாய் நிறைய ஊன் வாங்கிக்கொண்டான். மாமன் நாற்காலி அசையவில்லை. வயிறும் மனசும் நிறைந்து, இருதயம் கடைசி ரயிலில் பயணியாகத் தூங்கிக்கொண்டே வீடு திரும்பினார்.

இருதயம் மேலும் கீழும் முழுசாகக் கட்டுப்பல் போட்டது அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1927இல்.