பூனை வாயில் போன நாக்கு

லிஃப்ட் மெக்கானிக்கின் நாக்கைப் பூனை எடுத்துக்கொண்டு போனது ஒரு திங்கட்கிழமை காலை, காபி நேரத்தில். ரத்தம் இல்லை, வலி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், இடம் சுத்தமாக இருக்கிறது என்றதோடு சரி.

வினை அவர் மனைவியால் வந்தது. அவள் ஆங்கில டீச்சர். வேறு ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியை வேலை வந்திருந்தது. போகட்டுமா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் கணவரிடம் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். அன்று அந்தப் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும். "உங்க நாக்கைப் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று அந்த மொழியில் கத்திவிட்டாள். தமிழில் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டிருந்தால் ஒரு கொழுக்கட்டையோடு போயிருக்கும். ஃப்ரிட்ஜ் மேல் படுத்திருந்த பூனையோ அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

விஷயம் வகுப்புவரை பரவி, அந்த ஆங்கிலச் சொல்வழக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். பூனை என்று பெயர் வைத்த சவுக்கால் மாலுமிகளை அடித்துப் பேச்சடங்க வைத்ததால் என்பார்கள் சிலர். பொய் சொன்னவர்களின் நாக்கை அறுத்துப் பூனைக்குப் போட்டதால் என்பார்கள் வேறு சிலர். "ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஏன் வாயே திறக்கலன்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்றாள் டீச்சர். வீட்டில் இருந்த ஆதாரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சாயங்காலம் பூனை பேசியது. கணவரின் அதே குரல், மூக்கடைத்த மாதிரி. பால் ஆறிப்போச்சு என்றது. உன் தங்கச்சி எடுத்துக் கொடுத்த சட்டை கழுத்தை அறுக்குது என்றது. கல்யாணமான நாள் முதல் சேர்ந்ததெல்லாம் வரிசை கட்டி வந்தது. கணவர் காது சிவக்க ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பூனை சொன்னது: "நீ போ. வாயைத் திறந்தா போகாதேன்னு வந்துடுமோன்னு பயந்துதான் சும்மா இருந்தேன்."

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதை நான் கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" என்றாள் பூனையிடம். கணவரின் நாக்காயிற்றே, மரியாதை கொடுக்காமல் முடியுமா?

அவள் வேலைக்குப் போனாள். சனி, ஞாயிறு வருவாள். மற்ற நாட்களில் போன்; இந்தப் பக்கம் பூனைதான் பேசும். முன்பெல்லாம் ம், சரி, வச்சிடறேன் என்று முடிந்த போன் இப்போது காது சுடும்வரை நீண்டது. ஒருமுறை பூனை தானாகவே நாக்கைத் தட்டில் துப்பி அவர் முன்னால் தள்ளியது. மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டைப் பூனை பக்கமே நகர்த்திவிட்டார்.

வேலைக்குப் போகும்போது பூனையையும் கூட்டிப்போகிறார். அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்க, அது வாசலில் உட்காரும். குடியிருப்பவர்கள் காய்கறிப் பையோடு வந்து, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று பூனையிடம் கேட்கிறார்கள். "மோட்டார் போச்சுங்க, ரெண்டு நாளாகும்" என்கிறது. முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போகிறார்கள்.