யாருக்கும் சொந்தமில்லாத ஐஸ் அறை

கென்யாவின் கிசுமு ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்கள் ஒன்றுசேர்ந்து கட்டியது அந்த ஐஸ் அறை. லாப நோக்கமற்ற சங்கம் என்று பதிவு செய்ததும் அவர்கள்தான். நாலு எழுத்துப் படித்தவன் என்று அவர்களில் ஒருத்தியான யூனியா தன் கொழுந்தன் ஒயூகியைச் சேர்மன் ஆக்கினாள்.

அன்று காலை மீனோடு வந்தவர்கள் கதவில் புதுப் பூட்டைக் கண்டார்கள். வாசலில் ஒயூகி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நைரோபி ஓட்டல்காரர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொழுந்தனாரே, கதவைப் பூட்டிட்டு காத்து வாங்குறீங்க?"

"வித்தாச்சு அண்ணி. வேற வேலை பாருங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? இது லாப நோக்கமில்லாத சங்கம். உங்க யாருக்கும் இதுல பங்கு கிடையாது. போய் விதியைப் படிங்க. படிக்கத் தெரிஞ்சா."

பங்கு இல்லை என்பது உண்மைதான். பதிவு செய்த அன்றே அதிகாரி சொல்லியிருந்தார். அவர் சொன்ன மீதியும் யூனியாவுக்கு மறக்கவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தாள்.

"எங்களுக்குப் பங்கில்லை, சரி. உங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து முளைச்சுது?"

"நான் சேர்மன்."

"லாபமே வரக்கூடாதுன்னு அந்த வார்த்தைக்கு அர்த்தமில்ல. வர்றதை எவனும் மடியில கட்டிக்கிட்டுப் போகக்கூடாதுன்னு அர்த்தம். எவனும்னா நீயும்தான்டா."

மரியாதை அத்தோடு போயிற்று. அவள் ஓட்டல்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, சங்கத்தை மூடினாக்கூட இது வேற ஒரு பொதுச் சங்கத்துக்குத்தான் போகும். பதிவு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து காசு குடுங்க."

பெண்கள் கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. மீன் நாற ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஓட்டல்காரர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

"எங்கண்ணன் உயிரோட இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று ஒயூகி கத்தினான்.

"இருந்திருந்தா நான் பேச வேண்டி வந்திருக்காது. அவரே உன்னை அறைஞ்சிருப்பார்."

சாவியை மண்ணில் வீசிவிட்டு அவன் நடந்தான். அன்றைய மீனெல்லாம் குப்பைக்குப் போயிற்று. அடுத்த வாரம் பெண்கள் வேறு சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

புருஷனின் நினைவு நாளுக்கு யூனியா மாமியார் வீட்டுக்குப் போனாள். அவளுக்கென்று யாரும் நாற்காலி போடவில்லை. நின்றபடியே உகாலிக் களியைத் தின்று, கை கழுவிவிட்டுத் திரும்பினாள்.