நிறையாத டீத்தூள் டப்பா

விலைவாசி ஏறுகிறது என்று சொல்வதே தப்பு. ஏறுகிறவன் நடுவில் மூச்சு வாங்கவாவது ஒரு இடத்தில் நிற்பான். இந்தப் பாழாய்ப்போனது நிற்கவே இல்லை. எண்ணெய், பருப்பு, கேஸ், பஸ் டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கைமீறிப் போனபோது, தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். மகளின் பள்ளிச் சீருடையில் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டு இன்னொரு வருஷம் ஓட்டினாள். இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடத்துகிற வீட்டில், டீத்தூள் டப்பா மட்டும் மாசம் முடிவதற்குள் காலியானால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

இத்தனைக்கும் டீத்தூளுக்கு அந்த வீட்டில் பஞ்சமே வந்ததில்லை. அவளுடைய வீட்டுக்காரர் டீத்தூள் கம்பெனியில் பாக்கெட் போடுகிற மெஷினை ஓட்டுகிறவர். மாசா மாசம் தொழிலாளர் விலையில் ஒரு பெரிய பாக்கெட் அவர் கையோடு வந்துவிடும். அதைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பது நாத்தனாரின் வேலை. வீட்டுக்காரருக்கு அக்கா அவர். புருஷன் போனபிறகு கொழுந்தன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாக இடுப்பொடியக் கிடந்துவிட்டு, போன வருஷம்தான் தம்பியிடம் வந்து சேர்ந்தார். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். கடையில் வாங்குகிற பாக்கெட்டெல்லாம் இளைத்துப்போச்சு என்று தெருவே கரித்துக் கொட்டியது வாஸ்தவம். ஆனால் இது சொந்தக் கம்பெனிச் சரக்கு, வீட்டு மனுஷன் கொண்டுவருவது. பாக்கெட்டைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த வீட்டுல டீத்தூளுக்குக் கால் முளைச்சிருக்கு போல."

நாத்தனார் மறுநாளிலிருந்து டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார். மகள் ஏன் என்று கேட்டதற்கு, "நெஞ்சைக் கரிக்குதுடா கண்ணு," என்றார்.

ஒரு வாய் குறைந்தும் அடுத்த மாசம் டப்பா இன்னும் சீக்கிரமாகவே காலியானது. அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க அக்காவை அவங்க கொழுந்தன் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுடுங்க. நான் முதுகு ஒடியத் தைக்கறேன், அவங்க அக்கம்பக்கத்துக்கெல்லாம் தூளை அள்ளிக் குடுக்கறாங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். "அக்கா அப்படியெல்லாம் செய்யாது."

"அப்ப தூள் எங்கதான் போகுது? சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பார்க்கலாம்," என்று முகம் கழுவப் போய்விட்டார். இந்த மனுஷனுக்கு என்றைக்கு வாய் இருந்தது என்று அவளே முடிவைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் மறுபேச்சு பேசாமல் துணிமணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் புதுப் பாக்கெட் வந்தது. இனிமேல் டப்பா என் பொறுப்பு என்று முதல்முறையாக அவளே அதைப் பிரித்தாள். கொட்டினாள், உதறினாள், அடியை விரலால் சுண்டிவிட்டாள். டப்பா முக்கால்கூட நிறையவில்லை. பாக்கெட்டில் அதே படம், அதே உயரம். விலையும் அதேதான். திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பின்னால் ஒட்டு மடிப்புக்கு அடியில் எறும்பு சைஸில் எடை போட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த எடை அது இல்லை.

"இது என்னங்க?"

வீட்டுக்காரர் பாக்கெட்டைப் பார்க்காமலே பதில் சொன்னார். "முதல்ல கொஞ்சம் குறைச்சாங்க. போன மாசம் இன்னும் கொஞ்சம். மிச்சத்துக்குக் காத்தை அடைச்சு ஒட்டறோம்."

"இது உங்களுக்குத் தெரியும்."

"வெளிய மூச்சு விட்டா வேலை போயிடும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். உன்கிட்ட சொன்னா தையல் கம்பெனி பூரா தெரிஞ்சுடும்னுதான்..."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேட்டீர்களா நியாயத்தை! பட்டப்பகலில் ஊரார் அடுப்படியில் கைவைத்தவன் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மானத்தைக் காப்பாற்ற, கூடப் பிறந்தவளைத் திருடியாக்கிவிட்டு இந்த மனுஷன் முகம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். சுவரைப் பார்த்துப் பேசிய தன் வாயிலேயே நாலு போடலாம் போல அவளுக்கு வந்தது.

"நான் அவ்வளவு பேசினேனே, நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? நாளைக்கு அவங்களை அங்க விட்டுட்டும் வந்திருப்பீங்க, இல்ல?"

சத்தம் கேட்டு நாத்தனார் பையோடு வந்து கதவோரம் நின்றிருந்தார். அவள் போய்ப் பையை வாங்கினாள். அதைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். நாத்தனார் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல அளவைக் குறைச்சு வச்சது நீதானா தம்பி?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சுடா. தூக்கத்துல எந்திரிச்சுப் போய் நான்தான் எடுத்து எங்கயாவது கொட்டறேனோன்னு. தினமும் சமையலறைக் கதவுல ஒரு டம்ளரைச் சாத்தி வச்சுட்டுத்தான் படுக்கறேன், திறந்தா விழுந்து முழிப்பு வரட்டும்னு." நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள்கூட விழல."