கதவுகழட்டியின் பெயர்ப்பலகை

அவர் உயிரோடு இருந்தவரை காவல்துறைக்கு வயிற்றுவலி விட்டதே இல்லை. மூன்று தெரு தள்ளி ஒருவன் சட்டைப்பையில் லஞ்சம் சலசலத்தால் இவருக்கு இங்கே தும்மல் வரும். ஒற்றைத் தும்மலுக்கு ஓர் இன்ஸ்பெக்டருக்கு வேலை போகும். அடுக்குத் தும்மல் என்றால் ஸ்டேஷனே காலி. அவருக்கு ஒருமுறை நிஜமாகவே ஜலதோஷம் பிடித்தபோது பாதி இலாகா மருத்துவ விடுப்பில் போய்விட்டது. இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் தாராளமாக நிற்கும்.

ஆனால் கதவு விஷயத்தில் கூட்டலே கிடையாது. ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவராக வந்த முதல் நாள், நாற்காலியில் உட்காரும் முன்பே, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த திருப்புளியால் தன் அறைக் கதவின் கீல்களைக் கழற்றினார். கழற்றிய கதவைத் தாழ்வாரத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, “கதவு இல்லாத எடத்துல எவனுக்கும் கை நீளாது” என்றார். அன்றிலிருந்து அவர் பெயர் கதவுகழட்டி. தட்டச்சு செய்கிற பெண்கள், தண்ணீர் ஊற்றுகிற ஆள், காத்திருக்கும் பொதுஜனம் என்று எல்லார் கண்ணும் படத்தான் அவர் வேலை பார்த்தார். சாய்த்து வைத்த கதவின் தாழ்ப்பாளில் குமாஸ்தாக்கள் குடை மாட்டினார்கள்.

கல்குவாரிக்காரன் ஒருவன் இருந்தான். ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளையெல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டவன் என்பதால் மலைமுழுங்கி என்று பெயர். அவன் ஒருநாள் கனத்த பையோடு வந்தான். கதவைத் தேடினான், காணோம். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று வாசலோடு திரும்பிப் போனான். அடுத்த முறை அதே தாழ்வாரத்தில் கைவிலங்கோடு நடந்து வந்தான்.

அந்தக் கைவிலங்குதான் கதவுகழட்டிக்கு வினையாயிற்று. மலைமுழுங்கியின் தோஸ்து இலாகாவின் உச்சியில் இருந்தார். பேச்சில் தேன் சொட்டும். அவர் நடந்துபோன இடத்தில் எறும்பு மொய்க்கும். சர்க்கரை என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள். சர்க்கரை ஒரு கையெழுத்துப் போட்டார். மலைமுழுங்கி வெளியே வந்தான். கதவுகழட்டி, பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் கொட்டடிக்குப் பொறுப்பாளராகப் போனார்.

ஊருக்கு வெளியே, நிழலுக்கு ஒரு செடி இல்லாத பொட்டல். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே முட்டை என்ன, கோழியே வெந்துவிடும். ஒரு கோடைப் பகலில் அவர் மேசையில் தலை சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்த காவலாளி, பாவம், மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் வரை அந்த விசிறி ஒரு பிணத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

அவர் மேசையிலிருந்து வீட்டுக்கு வந்த சாமான்களில் அவர் மனைவி தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தத் திருப்புளி ஒன்றைத்தான். அதைக் கைப்பையிலேயே போட்டு வைத்திருந்தாள். குக்கர் கைப்பிடியை முறுக்குவது, மூடி திறக்க மறுக்கும் டப்பாவுக்கு நெம்பு கொடுப்பது எல்லாம் அதால்தான். “திருடன் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, “கழட்டிருவேன்” என்றாள்.

வாய் அப்படி. ஆனால் உள்ளே ஒரு பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒரே மகள், அவளும் காவல்துறையில் இன்ஸ்பெக்டர். அப்பன் போய் வருஷம் திரும்புவதற்குள் அவளையும் அதே கொட்டடிக்குத் தூக்கிப் போட்டார்கள். அதே தகரம், அதே மேசை, அதே விசிறி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் மகள் தலையைச் சாய்த்தால் போதும், இவளுக்கு மூச்சு நின்றுவிடும். “ஏய், எந்திரிடீ” என்று உலுக்குவாள். “உயிரோடதாம்மா இருக்கேன்” என்று மகள் தலையைத் தூக்காமலே சொல்வாள்.

இந்த நேரத்தில்தான் சர்க்கரை வீடு தேடி வந்தார்.

“அண்ணி, அண்ணன் இல்லாம இலாகாவே விதவையாயிடுச்சு” என்று ஆரம்பித்தார்.

“இலாகாவுக்குப் பென்ஷன் ஒழுங்கா வருதா?” என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். சர்க்கரைக்கு எதுவும் உறைக்காது. “அவரு ஒக்காந்திருந்த ரூமுக்கு அவரு பேரையே வெக்கப் போறோம். பித்தளைப் பலகை, பேண்டு வாத்தியம், துப்பாக்கி மரியாதை. நீங்கதான் தெறந்து வெக்கணும். ரெண்டு வார்த்தை பேசணும்.”

“என்ன வார்த்தை?”

“ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசறாங்க அண்ணி, நான்தான் அண்ணனை அங்க அனுப்பிச் சாகடிச்சேன்னு. நீங்க மேடையில என்னைப் பத்தி நல்லவிதமா சொன்னா எல்லார் வாயும் அடைஞ்சிடும்.” குரலை இறக்கினார். “பாப்பாவையும் எத்தனை நாளைக்கு அந்த வெயில்ல வெச்சிருக்கிறது? பாவமா இருக்கு.”

அவர் போனபின் மகள் சமையலறை வாசலில் நின்றாள். “நீ போக வேணாம்மா. அந்தாளு கைய நீ தொட்டா அப்பா எந்திரிச்சு வந்துடுவாரு.”

“வந்தா நல்லதுதானே. வரமாட்டாருடீ. இருக்கிறது நீ ஒருத்திதான்.”

மகள் அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா அதைக் கவனித்தாள்.

விழா அமர்க்களப்பட்டது. பேண்டு வாசித்த வாசிப்பில் கூரைப் புறாக்கள் அடுத்த மாவட்டத்தில் போய் இறங்கின. முன்வரிசையில் மலைமுழுங்கி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இலாகாவில் கைநீட்டாதவர் என்று விரல்விட்டு எண்ணக்கூட ஆள் இல்லை; அத்தனை பேரும் நேர்மையைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசினார்கள்.

பிறகு அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கயிற்றை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தாள். பட்டுத் திரை விலகியது. பளபளவென்று பித்தளையில் அவர் பெயர். அந்தப் பலகை பதிந்திருந்தது ஒரு கதவில். புத்தம்புதிய தேக்குக் கதவு. உள்ளே விரல் கனத்துக்குத் தாழ்ப்பாள்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். மைக்கை நீட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் மகள் வெயிலில் கறுத்த முகத்தோடு விறைப்பாக நின்றாள்.

“என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் தொணையா நின்னவரு இவருதான்” என்று சர்க்கரையைக் கைகாட்டிச் சொன்னாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

சர்க்கரை சொன்ன சொல் தவறவில்லை. மகளுக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வும் சேர்ந்தே வந்தது. ஊழல் தடுப்புப் பிரிவு. அப்பாவின் அறை. இனி மேசையில் மகள் தலை சாய்த்தாலும் வெறும் தூக்கம்தான் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள். மழைக்காலம் வந்தது, போனது.

ஒருநாள் மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, அம்மா கேரியரைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. “மேடம் வேலையா இருக்காங்க. செத்த ஒக்காருங்கம்மா” என்றான் வாசலில் இருந்த பியூன். பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே அவள் புருஷனின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

படியேறி ஒருவன் வந்தான். மலைமுழுங்கி. கையில் கனத்த பை. இந்த முறை அவன் அதை மறைக்கவில்லை.

“அம்மா! நல்லா இருக்கீங்களா? ஒடம்பைப் பாத்துக்குங்க” என்று குனிந்து கும்பிட்டுவிட்டு, பெயர்ப்பலகையின்மேல் விரலால் தட்டினான். கதவு திறந்தது, மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. தாழ்வாரத்தில் தட்டச்சுப் பெண்கள் தலை நிமிரவில்லை.

வெளியே வந்தபோது அவன் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

மகள் மேசைக்குப் பின்னால் இருந்தாள். பை காலடியில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“கதவைச் சாத்தினாதாம்மா ஏசி குளிர் நிக்கும்” என்றாள் மகள்.

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

“கேளு. அப்பா கதவைக் கழட்டினாரு. என்ன கெடைச்சுது? தகரக் கொட்டாய்.” மகளின் குரல் ஏறி, உடைந்தது. “என்னை இங்க கொண்டாந்தது யாரு? அன்னைக்கு விழாவுல நீ பேசினியே, அது என்னவாம்? அதுக்குப் பேரு என்ன?”

அம்மா கேரியரை மேசையில் வைத்தாள். வெளியே வந்தாள். கைப்பையைத் திறந்து திருப்புளியை எடுத்தாள்.

முதல் திருகாணி சுலபமாகச் சுழன்றது.

“அம்மா, என்ன பண்றே? ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும்டீ. உங்கப்பாவுக்கு ஆளுங்க பாத்தாதான் புடிக்கும்.”

தாழ்வாரமே எழுந்து நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. கதவைக் கழற்ற அவளுக்குத் தெம்பும் இல்லை, இனி உரிமையும் இல்லை. அந்தப் பெயரை மட்டும்தான் கழற்றினாள். கடைசித் திருகாணி முரண்டு பிடித்தது. திருப்புளி வழுக்கி, தேக்கில் ஒரு கீறல் விழுந்தது.

மகள் எழுந்து வந்தாள். பலகை கீழே விழாதபடி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா முறுக்கினாள். ஆணி கழன்றது. மகள் பலகையை அம்மாவின் கையில் வைத்தாள். விரல்கள் ஒரு கணம் பட்டன.

“கனமா இருக்கு. பத்திரமா போ” என்றாள்.

அம்மா அதை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். படி இறங்கும் இடத்துக்கு வருவதற்குள் பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, தாழ்ப்பாள்.