ஏழாம் பதிப்பின் குரல்

சாயங்காலம் டாக்டர் வருவதற்குள் என் அண்ணனைப் பேச வைக்க வேண்டும். என்னை நம்பி ஒப்படைக்கிற வேலையா இது? அப்டேட் போடுகிறேன் பேர்வழி என்று சொந்த செல்போனையே சாகடித்தவன் நான்.

அண்ணனுக்கு நரம்பு நோய். விரல்கள் ஒவ்வொன்றாக ரிடையர் ஆகி, போன வாரம் கடைசிக் கட்டைவிரலும் கிளம்பிவிட்டது. அடுத்தது மூச்சு. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டாக வேண்டும். இப்போதைக்கு எழுத்து அட்டையைக் காட்டி, அவர் கண் போகிற எழுத்தைப் படித்துச் சொல்வது அண்ணி. அண்ணியோ கல்யாணமான நாளிலிருந்தே அவர் வாக்கியங்களைப் பாதியில் பிடுங்கித் தானே முடிக்கிறவள். "இந்த ஒரு பதில் மட்டும் நடுவுல யாரும் இல்லாம வரணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் கண் அசைவைப் பிடிக்கும் கேமராவும், அதற்கு ஈடுகொடுக்கிற புதுக் கம்ப்யூட்டரும். எழுதுவதைக் குரலாக்கிப் பேசுகிற புரோகிராம் அண்ணனுடையது. நாக்கு நன்றாக இருந்த காலத்தில் தன் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து அவரே எழுதியது. எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அண்ணனின் புரோகிராம் அதில் ஏழாம் பதிப்புக்குத்தான் மசியும். கேமராவோ பன்னிரண்டுக்குக் கீழே பேச்சுவார்த்தைக்கே வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குடிவைக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி: தனி அறை, தனி அடுப்பு. ஒருத்தி பாத்திரத்தை இன்னொருத்தி தொட்டால் தீர்ந்தது கதை.

ஏழாம் பதிப்பைப் போட்டேன். பன்னிரண்டைப் போட்டேன். கேமரா ஓடியது, அண்ணன் பார்க்கிற இடத்துக்கு அம்புக்குறி ஓடிப்போய் நின்றது. பிறகு அவர் புரோகிராமைக் கம்பைல் செய்தேன். ஒரு பிழைகூடக் காட்டவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அண்ணன் ஏதோ எழுதினார். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"ஐயோ, யாரு இது?" அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள். "இது அவர் இல்ல தம்பி. நிறுத்துங்க."

அண்ணன் முகத்தில் அசைய எதுவும் மிச்சமில்லை. அம்புக்குறி மட்டும் திரையின் மூலைக்குப் போய் ஒரு வரியின் மேல் உட்கார்ந்தது. நகரவே இல்லை. கம்பைலர் பதிப்பு: பன்னிரண்டு.

கடைசியாகப் போட்ட பன்னிரண்டு தன்னைத் தானே முன்வரிசையில் போட்டுக்கொண்டிருக்கிறது. நானும் யார் என்று கேட்காமல் அதன் கையில் வேலையைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஃபோல்டருக்கு ஏழு மட்டும்தான் என்று எழுதிவைத்து, செய்ததை அழித்து, முதலிலிருந்து ஓட்டினேன்.

"எவன் முன்னால நிக்கறான்னு பாக்காமலே வேலை குடுப்பியா, தடியா?"

அண்ணன் குரல். அந்த இழுவை, அந்தக் கரகரப்பு, எல்லாமே. அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

"வந்ததும் வராததுமா திட்டா?" என்றேன்.

"ஸ்டாக் நிறைய இருக்கு."

டாக்டர் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார். அம்புக்குறி எழுத்து எழுத்தாக நகர்ந்தது.

"குழாய் வேண்டாம்."

"இப்போதைக்கு வேண்டாங்கறார்" என்றாள் அண்ணி.

"எப்பவுமே வேண்டாம்."

டாக்டர் வேறு மாதிரி வார்த்தை போட்டு மறுபடி கேட்டார். அதே பதில், அதே நிதானம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெஷினை நீங்கதானே செட் பண்ணீங்க? மொதல்ல தப்பா ஏதோ பேசிச்சுன்னு வாசல்ல உங்க அண்ணி சொன்னாங்க. இப்பவும் தப்பு இருக்க வாய்ப்பு உண்டா?"

அண்ணி என்னையே பார்த்தாள். 'இருக்கலாம்' என்று ஒரு சொல் போதும். டாக்டர் இன்னொரு நாள் வருவார். அதற்குள் அவள் கெஞ்சலாம், சண்டை போடலாம். என் கைவேலையைப் பற்றி அப்படிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அம்புக்குறி திரையின் நடுவில் சும்மா நின்றது. எனக்கென்று அண்ணன் ஒன்றும் எழுதவில்லை.

"இல்ல டாக்டர்" என்றேன். "சரியாத்தான் ஓடுது. அவர் சொல்றதைத்தான் சொல்லுது."

டாக்டர் தலையசைத்தார். அண்ணி எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த ஒயரை ஓரமாப் போடுங்க தம்பி. காலைத் தடுக்குது."